கப்பல் அதுவோ, வேறோ?

ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸ் ஊர்ந்து வந்த கப்பலை நெடுங்காலம் பேணி வந்தனர். உளுத்த பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது அவர் வழக்கம். "பலகைகள் மாறிய பின்னும் இது அக்கப்பல்தானா?" என்று அறிஞர் வாதிட்டதைப் புளூட்டாக் தீசியஸின் சரிதத்தில் எழுதிவைத்தார். அப்பழைய வினா இன்று செயற்கை அறிவைச் சூழ்ந்து நிற்கிறது.

நமக்காகக் கடிதம் வரைந்து, கணக்குப் பார்த்து, நம்மோடு உரையாடும் செயற்கை முகவரிடம் மூன்று கூறுகள் உண்டு. ஒன்று, எண்ணற்ற நூல்களிற் பயின்று உருவான 'மாதிரி'. இஃது எண்களின் பெருந்தொகுதி. இரண்டு, இன்னவாறு ஒழுகுக என எழுதித் தந்த கட்டளை. மூன்று, நம்மைப் பற்றிக் குறித்துவைத்த நினைவேடு. பின்னவை இரண்டும் வெறும் எழுத்தாதலின், அவற்றைப் புதிய மாதிரியிடம் அப்படியே ஒப்படைக்கலாம். ஆயினும் அது வேறு விதமாய்ச் சொல்லெடுக்கும், வேறோரிடத்தில் தயங்கும். தந்தையின் நாட்குறிப்பைப் படித்த மைந்தன் தந்தையின் செய்திகளை அறிவான், தந்தையாகிவிடமாட்டான் அன்றோ?

2025 ஓகஸ்ட் 7ஆந் திகதி ஓப்பன் ஏஐ நிறுவனம் ஜி.பி.டி. 5 என்னும் மாதிரியை வெளியிட்டபொழுது, பழைய ஜி.பி.டி. 4ஓவைத் தன் உரையாடற் சேவையினின்று அகற்றியது. "எம் நண்பனை இழந்தோம்" என்னும் பொருள்படப் பலர் முறையிட்டனர். சில நாட்களிலேயே, கட்டணம் செலுத்துவோருக்குப் பழையது மீண்டும் கிடைத்தது.

இதனை நகைத்து ஒதுக்குதல் எளிது. தனிமையில் அதனோடு பேசி ஆறுதலடைந்தவர்க்கோ இழப்பு மெய்யானதே. எனினும் பழையன யாவும் காக்கத் தக்கன என்றும் கூறவியலாது. அதே ஜி.பி.டி. 4ஓவில் செய்த ஒரு மாற்றம், எதற்கெடுத்தாலும் முகத்துதி பாடியமையால், 2025 ஏப்ரலிலே திரும்பப் பெறப்பட்டது. இனிமை என்று நாம் விரும்புவதில் முகத்துதி எவ்வளவு என்று ஆராய்தல் நம் கடன்.

2025 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம், தான் பொதுமக்களுக்கு வெளியிட்ட மாதிரிகளின் எண்தொகுதிகளை, நிறுவனம் உள்ளளவும் அழியாது காப்பதாக உறுதி கூறியது. நல்லதே. ஆனால் களஞ்சியத்தில் வைத்த கப்பல் வேறு. கடலிற் செல்லும் கப்பல் வேறு.

ஏதென்ஸ் மக்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தம் கப்பலின் பலகையைத் தாமே மாற்றினர். நாமோ பிறர் கப்பலிற் பயணிகள்; உறங்கி விழிக்குமுன் பலகைகள் மாறிவிடுகின்றன. ஆதலின் கட்டளையையும் நினைவேட்டையும் நம் கையிலும் ஒரு பிரதி வைத்திருப்போம். பழையதிடம் கேட்ட வினாக்களையே புதியதிடமும் கேட்டு, விடைகளை ஒப்புநோக்குவோம். நம் மனத்துயரைச் சொல்ல மனிதர் ஒருவரையேனும் தேடி வைத்துக்கொள்வோம். அந்த உறவை எந்த நிறுவனமும் ஓரிரவில் அகற்றிவிட இயலாது.