மறுக்கத் தெரியாதவரின் சுமை



பங்குத் திருவிழா நெருங்கும்போது நம் ஆலயங்களில் ஒரு காட்சியைக் காணலாம். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஆலயத்தைக் கழுவுகிறவரும், நவநாளில் வாசகம் வாசிக்கிறவரும், தேருக்குப் பூ கட்டுகிறவரும், அசன விருந்தில் இலை எடுக்கிறவரும் பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். மற்றவர்கள் மனமில்லாதவர்கள் அல்லர். அவர்களை யாரும் கேட்கவில்லை. 'சரிங்க ஃபாதர்' என்று சொல்லிப் பழகியவரிடமே மறுபடியும் போவது பங்குத்தந்தையராகிய நம் வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் பணியாற்றிய ஒரு பங்கில் கண்டோம். பதினொரு ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்த ஓர் ஆசிரியை. வாரம் ஆறு நாளும் தையல் வேலை. ஞாயிறன்று மறைக்கல்வி, பாடகர் குழு, பீடச்சிறுவர் பயிற்சி. மாலையில் அன்பியக் கூட்டம். ஓர் ஆண்டு ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்கியபோது அவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் ஒரு சிறுமியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். யாரோடோ மனத்தாங்கல் போலும் என்று நினைத்து, மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனோம்.

"கோபமெல்லாம் இல்லை ஃபாதர். அம்மாவுக்கு முடியாம நாலு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன். தேர்வு மார்க் லிஸ்ட் எப்ப வரும்னு எல்லாரும் கேட்டாங்க. அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். மார்க் லிஸ்ட்டைக் கேட்டவர்களில் நாமும் ஒருவர்.

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தில் மோசே காலை முதல் மாலை வரை தனியாக அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். அதைக் கண்ட மாமனார் இத்திரோ, மருமகனின் உழைப்பைப் பாராட்டவில்லை; செய்வது சரியல்ல என்கிறார். மோசே மட்டுமல்ல, காத்துநிற்கும் மக்களும் சோர்ந்துபோவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். ஒருவரே எல்லாம் செய்யும் பங்கிலும் இதுதான் நடக்கிறது. அவர் களைத்துப் போகிறார். மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிறார்கள்.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் அருகில் நின்றவரைப் பிடித்து வேலையைக் கொடுத்துவிடவில்லை. சபையே ஏழு பேரைத் தெரிந்துகொண்டது. அவர்கள்மேல் கைகளை வைத்து இறைவேண்டல் செய்து பணியை ஒப்படைத்தார்கள். உணவு பரிமாறுவதை ஒழுங்குசெய்யும் பணிக்கே இத்தனை மரியாதை! நாமோ திருப்பலி முடிந்து வெளியே வருகிறவரை வாசலில் நிறுத்தி, "அடுத்த ஞாயிறு வகுப்பை நீங்க பாத்துக்கோங்க" என்கிறோம்.

1965ஆம் ஆண்டு வெளிவந்த பொதுநிலையினர் பற்றிய சங்க ஏடு, அவர்களுக்குத் தரவேண்டிய பயிற்சிக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது. திருச்சபைச் சட்டம் 231ஆம் எண்ணும், சிறப்புப் பணியில் தம்மை ஈடுபடுத்தும் பொதுநிலையினருக்குத் தகுந்த பயிற்சி வேண்டும் என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 அன்று மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான பணியாகவே ஏற்படுத்தினார். ஏட்டில் எல்லாம் இருக்கிறது. வகுப்புக்குச் சாக்பீஸையும் படங்களையும் சொந்தக் காசில் வாங்கும் ஆசிரியர்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். பேருந்துக் கட்டணத்தையும் இந்தச் சிறு செலவையும் பங்கு நிதியிலிருந்து கொடுப்பது கூலி ஆகாது. கேட்கக் கூச்சப்படுவார்கள், நாமே முந்திக்கொண்டு கொடுக்கவேண்டும்.

1921இல் டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனையிடம் நாம் கற்கவேண்டியவை இரண்டு. அதன் உறுப்பினர்கள் வீடு சந்திக்க இருவர் இருவராகவே போவார்கள். பொறுப்பாளர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் என்று வரையறை உண்டு. சிறுவர்களோடு பணியாற்றும் இடத்தில் இருவர் இருப்பது குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. காலவரையறை இருந்தால் விலகுகிறவர் குற்ற உணர்வின்றி விலகலாம். புதியவரும் ஆயுள் தண்டனையோ என்று அஞ்சாமல் வரலாம். பல பங்குகளில் பொறுப்பிலிருந்து விடைபெற நாம் வைத்திருக்கும் ஒரே வழி சண்டைதான்.

தவறைத் திருத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சும்மா செய்கிறவர், எப்படிச் சொல்வது' என்று சில அருள்பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாய் திறப்பதில்லை. வேறு சிலர் பாடகர் குழுவைத் திருப்பலியின் நடுவே மைக்கிலேயே திருத்துகிறார்கள். இரண்டாவதை நாமும் செய்திருக்கிறோம். அன்று ஆர்மோனியம் வாசித்த இளைஞர் மறு வாரம் கடைசி வரிசையில் நின்றிருந்தார்.

அந்த ஆசிரியை மறு ஆண்டு திரும்பி வந்தார்: புதுநன்மை வகுப்புக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும், இன்னோர் இளம்பெண்ணோடு சேர்ந்து. பாடகர் குழுவுக்கு வரவில்லை. நாமும் கேட்கவில்லை.