பேஸ் கித்தாருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர்?

சாதாரண மின்கித்தாருக்கு 30 வாட் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் போதுமானதாக இருக்க, பேஸ் கித்தாருக்கு மட்டும் அதைப் போலப் பல மடங்கு ஆற்றல் தேவைப்படுவது ஏன்?

பேஸின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மனிதச் செவி மிக மங்கலாகவே உணர்கிறது. மேலும், பனையோலை விசிறியை மெதுவாக அசைப்பவர் போதிய காற்றைப் பெறப் பெரிய விசிறியை நீண்ட வீச்சில் வீச வேண்டியிருப்பது போல, மெதுவாக அதிரும் ஸ்பீக்கரின் கூம்பும், அதாவது காற்றைத் தள்ளும் அதன் முகப்பும், அகன்றதாகவும் நெடுந்தூரம் நகர்வதாகவும் இருக்க வேண்டும். அதிர்வு வேகம் பாதியாகக் குறைந்தால், அதே ஒலி அழுத்தத்தைத் தரக் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர்ந்தாக வேண்டும்.

1969இல் வெளிவந்த ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப்ளிஃபயர், 300 வாட் ஆற்றலையும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியையும் இணைத்ததற்கு இதுவே அடிப்படை.

வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி இருமடங்காகத் தோன்றுமா? தோன்றாது, அதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதனால், பொருத்தமான இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்ப்பதே பல வேளைகளில் சிறந்த வழி.

ஒலியின் தரத்திலோ பலரும் தாழ்சுரக் குமிழை மிகையாகத் திருப்புகின்றனர்; அது ஆற்றலை விழுங்கி ஒலியைச் சிதைக்கிறது. கம்பி அடிச்சுரத்துடன் எழுப்பும் மேற்சுரங்களைக் கொண்டே மூளை தாழ்சுரத்தை அடையாளம் காண வல்லது என்பதால், முதலில் நடுச்சுரக் குமிழைச் சற்று உயர்த்திக் கேட்டுப் பாருங்கள்.