கல்லூரியில் ஓர் இரவு

ஒரு கல்லூரியைப் பற்றி அறிந்துகொள்ள இன்று வழிகள் பல உள்ளன. விளக்கக் கையேட்டில் வண்ணப் படங்கள் இருக்கும். இணையதளத்தில் காணொளிகள் இருக்கும். அவற்றில் தோன்றும் மாணவர்கள் எப்போதும் புல்வெளியில் அமர்ந்து சிரித்துக்கொண்டே இருப்பார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் அதே மாணவர்கள் எவ்வாறு இருப்பார்கள் என்பதைக் கையேடு கூறுவதில்லை. அதை அறிய அங்கே தங்கித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. சேர விரும்பும் பள்ளி மாணவர், அங்கு ஏற்கெனவே பயிலும் ஒருவரின் விருந்தினராக விடுதியில் ஓரிரு இரவுகள் தங்கலாம்.

இவ்வழக்கம் ஏன் தோன்றியது என்பதை உணர, அந்நாட்டின் சேர்க்கை முறையைச் சிறிது அறிய வேண்டும். பள்ளி இறுதியாண்டு மாணவர் ஒரே காலத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பார். பெரும்பாலான முடிவுகள் மார்ச் மாத இறுதிக்குள் வந்துவிடும். இடம் கிடைத்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, பொதுவாக மே 1ஆம் நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இளநிலைப் பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். முதலாண்டு மாணவர் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்னும் விதியும் பல கல்லூரிகளில் உண்டு. ஆகவே மாணவர் தேர்ந்தெடுப்பது பாடத்தை மட்டும் அன்று. உண்ணும் உணவு, உறங்கும் அறை, அடுத்த அறையில் இருப்போர் ஆகிய அனைத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். அதுவரை கல்லூரி மாணவரைச் சோதித்தது. ஏப்ரல் மாதத்தில் நிலைமை தலைகீழாகிறது. கல்லூரி தேர்வு எழுதுகிறது. மாணவர் மதிப்பெண் இடுகிறார்.

1861ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்ப நிறுவனம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சார்லஸ் ஆற்றங்கரையில் உள்ளது. (இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டா.) இடம் பெற்ற மாணவர்களை இந்நிறுவனம் ஏப்ரலில் 'வளாக முன்னோட்ட வார இறுதி' என்னும் நிகழ்ச்சிக்கு அழைக்கிறது. அச்சில நாள்களில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் நடைபெறும். அவற்றுள் பலவற்றை மாணவர்களே வகுத்து நடத்துவர். சில நள்ளிரவையும் கடந்து நீளும். −196 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றிப் பனிக்கூழ் செய்து காட்டுவது அங்குள்ளோருக்குப் பிடித்த விளையாட்டு. யேல் பல்கலைக்கழகத்தின் இத்தகைய நிகழ்ச்சிக்குப் 'புல்டாக் நாள்கள்' என்று பெயர். 1889 முதல் 'ஹேண்ட்சம் டான்' என்று பெயரிடப்பட்ட புல்டாக் நாய் ஒன்று அப்பல்கலைக்கழகத்தின் அடையாளமாக இருந்து வருகிறது. ஒரு நாய் மறைந்தால் அப்பெயரை அடுத்தது ஏற்கும்!

இனி, அந்த இரவைக் காண்போம். விருந்தினருக்குப் பெரும்பாலும் கட்டில் கிடைப்பதில்லை. விருந்தளிக்கும் மாணவரின் அறைத் தரையில் படுக்கைப் பையை விரித்து உறங்க வேண்டும். பெற்றோர் விடுதியில் தங்க இயலாது. வந்திருந்தால் வெளியே தங்குவர். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் எழுத்துவழி இசைவு வேண்டும்.

அங்கே மிகுதியாகக் கற்பிக்கும் இடம் எது? வகுப்பறை என்பீர்கள். உணவுக்கூடம் என்பேன் நான். பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஆண்டின் நடுவில் புதிய பள்ளியில் சேர்ந்தோர் உங்களுள் பலர். அப்பள்ளி நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன என்பதையா முதல் நாள் அறிந்தீர்கள்? உணவு இடைவேளையில் நகர்ந்து அமர்ந்து உங்களுக்கு இடம் கொடுத்தவர் யார் என்பதையே அறிந்திருப்பீர்கள். கல்லூரி உணவுக்கூடமும் அத்தகையதே. யார் யாருடன் அமர்கின்றனர், வேற்று மாநிலத்தவரும் வேற்று நாட்டவரும் கலந்து உண்கின்றனரா, தனித்து உண்பவரை எவரேனும் அழைக்கின்றனரா என்பன அங்கே கண்முன் தெரியும். இரவு பதினொரு மணிக்கு விடுதி நடைவழியில் நடந்தால், கதவுகள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்பதும் தெரியும். ஆசிரியர் எவரும் அருகில் இல்லாத வேளையில் மாணவர்கள் தம் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவதையும் கேட்கலாம்.

ஆயினும் பயணச் செலவை எல்லோராலும் ஏற்க இயலுமா? அமெரிக்கா பரந்த நாடு. ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் செல்வதற்கே வானூர்திக் கட்டணம் மிகுதி. இதனால் சில கல்லூரிகள், வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்களைத் தெரிந்தெடுத்து, பயணச்சீட்டு, உணவு, தங்குமிடம் அனைத்தையும் தாமே ஏற்று வரவழைக்கின்றன. இத்தகைய அழைப்புகள் பெரும்பாலும் விண்ணப்பிக்கும் பருவத்திலேயே வரும். இவ்வுதவி இல்லையேல், நேரில் பார்த்துத் தெரிவு செய்யும் வாய்ப்பு வசதி உடையோருக்கே உரியதாகிவிடும்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. இங்கே அதை அப்படியே கொள்ள இயலாது. விருந்தளிப்பவர் தாமாக முன்வந்தவர், கல்லூரியை விரும்புபவர். நிகழ்ச்சி நாள்களோ திருவிழா நாள்கள். விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தங்குவதே மேலானது என்பது என் கருத்து. 2020இல் பெருந்தொற்று காரணமாக இவ்வார இறுதிகள் இணையவழிக்கு மாறின. உரைகளைத் திரையில் கேட்க முடிந்தது. நடைவழியில் நடக்க முடியவில்லை.

நம் நாட்டில் ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களில் சேர்வதற்கான கூட்டுக் கலந்தாய்வு 2015 முதல் இணையவழி நடைபெறுகிறது. தரவரிசைக்கு ஏற்ப விருப்பப் பட்டியலை நிரப்புகிறோம்; பட்டியலில் உள்ள பல வளாகங்களைக் கண்ணால் கண்டதில்லை. எனினும் உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் அங்கே பயிலக்கூடும். விடுமுறைக்கு அவர் வரும்போது ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். "கல்லூரி நன்றாக இருக்கிறதா, அண்ணா?" என்று வினவினால், "நன்றாக இருக்கிறது" என்ற விடைதான் வரும். மாறாக இப்படிக் கேளுங்கள்: "சென்ற வாரம் உங்களுக்குப் புரியாத பாடத்தை யாரிடம் கேட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மாலையில் விடுதியில் என்ன செய்வீர்கள்? காய்ச்சலில் படுத்திருந்தபோது உங்கள் அறைக்கு உணவு கொண்டுவந்தவர் யார்?"