ஏரி மட்டக் கணக்கும் வெள்ள முன்னறிவிப்பும்

பூந்தமல்லிக்கு அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி இரவு அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வீதம் ஜலம் அடையாற்றில் விடப்பட்டது. இது மணிக்குப் பத்துக் கோடி கன அடிக்கு மேலாகும். அது எந்நேரத்தில், எவ்வூரில், எத்தனை அடி ஏறுமென்பது முன்னதாகத் தெரிந்தால் கரையோரக் குடிகள் மாடு கன்றுகளையும், விதை நெல்லையும், மோட்டாரையும் மேட்டுக்குக் கொண்டு போகலாம். இந்நோக்கத்துடனேயே, அவ்வெள்ளத்துக்குப் பின், மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்கள் முதலிய ஸ்தாபனங்கள் கூடி, சென்னைக்கென ஒரு கணிப்பொறி வெள்ள முன்னறிவிப்பு முறையை நிர்மாணித்தன.

இத்தகைய கணிப்பில் ஆறு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் அகலம், சரிவு, தரையின் சொரசொரப்பு ஆகியவற்றைக் கொண்டு நீரோட்டம் கணக்கிடப்படுகிறது. இவற்றுள் சொரசொரப்பே தொல்லை தருவது. சுத்தமான ஆற்றுக்கு அதன் எண் சுமார் 0.03, ஆகாயத்தாமரையும் கோரையும் அடர்ந்தால் இரண்டு மூன்று மடங்காகும். எண் இரட்டித்தால், அதே ஆழத்தில் ஓடும் நீரின் வேகம் பாதியாகும்; ஆகவே வெள்ளம் தேங்கி உயரும். இதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. முன் நடந்த ஒரு வெள்ளத்தின் மழையையும் நீர்வரத்தையும் கணிப்பொறிக்கு அளித்து, கணக்கில் வரும் உயரம் அளவுகோலிற் கண்ட உயரத்தோடு ஒத்துவரும் வரையில் எண்ணைத் திருத்துவர். பிறகு வேறொரு வெள்ளத்தைக் கொண்டு பரீட்சிப்பது அவசியம். அதே வெள்ளத்தைக் கொண்டு பரீட்சிப்பது, வியாபாரி தன் படிக்குத் தானே முத்திரையிட்டுக் கொள்வது போலாம்.

வெள்ளம் வரும்போதும் திருத்தம் செய்யலாம். கணக்கு 12 அடி என, அளவுகோல் 11 அடி காட்டுவதாகக் கொள்வோம். எது எவ்வளவு நம்பத்தக்கது என்று சீர்தூக்கி, 11¼ அடி என வைத்து அடுத்த மணியின் கணக்கைத் தொடங்குவர். இவ்வாறு சீர்தூக்கும் வழியைக் கால்மன் என்பவர் 1960-இல் வகுத்தார்.

ஆனால் அளவே பொய்யானால், திருத்தமே கணக்கைக் கெடுக்கும். ஒரு சதுர மைலில் பெய்யும் ஒரு அங்குல மழை 23 லட்சம் கன அடி நீராகும். மழைமானி பாராத நாளுக்குக் கிராம உத்தியோகஸ்தர் பூஜ்யம் எழுதினால், அன்று மழையே இல்லையென்று கணிப்பொறி கொள்ளும். 'பார்க்கவில்லை' என்றெழுதுவதே முறை. மழைமானியை மரம், சுவர் இவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்கு அப்பால் வைத்துக் காலை 8.30 மணிக்குப் பார்க்க வேண்டும். ஏரி அளவுகோலிற் படிந்த சேற்றைக் கழுவாமல் உத்தேசமாக எழுதுவதும் தவறே.

நிலமுடையோர்க்கும் இதில் பங்குண்டு. வரத்துக்காலில் புதிதாகக் குழாய்ப்பாலம் அமைந்தாலோ, கலங்கலின் கீழ் மண் கொட்டி மேடாக்கப்பட்டாலோ, நீர்வளத் துறைக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அதுவரை கணிப்பொறி பழைய கால்வாயிலேயே ஜலத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்.