புகைபோக்கி நிற்கிறது, ஆலை எங்கே?

மும்பை லோயர் பரேலில் உள்ள ஃபீனிக்ஸ் பல்லேடியம் வணிக வளாகத்தில், வெளிநாட்டு ஆடம்பரப் பொருள்களின் கடைகளுக்கு நடுவே பழைய புகைபோக்கி ஒன்று உயர்ந்து நிற்கிறது. அழகுக்காகக் கட்டப்பட்டதல்ல அது. 1905-இல் தொடங்கப்பட்ட ஃபீனிக்ஸ் பருத்தி ஆலையின் எச்சம்.

இப்பகுதிக்கு "கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர் என்று பெயர். கொங்கண் பகுதியிலிருந்தும் மேற்கு மகாராஷ்டிரத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் "சால்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஆலைச் சங்குதான் அவர்களுக்குக் கடிகாரம்.

முடியாத வேலைநிறுத்தம்

1982 ஜனவரி 18-ஆம் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். அப்போராட்டம் முறைப்படி விலக்கிக் கொள்ளப்படவே இல்லை. நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசிய 1984 தேர்தலில், மும்பை தென் மத்தியத் தொகுதியிலிருந்து சாமந்த் சுயேச்சையாக மக்களவைக்குச் சென்றார். 1997 ஜனவரியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆலைகள் நலிந்ததற்கு வேலைநிறுத்தம் மட்டுமே காரணமல்ல. இயந்திரங்கள் பழசாகியிருந்தன, பிவண்டியின் விசைத்தறிகள் போட்டியாக வளர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலையை ஓட்டுவதைவிட அது நிற்கும் நிலம் பல மடங்கு லாபம் தருவதாக மாறியிருந்தது.

ஃபீனிக்ஸ் ஆலையில் 1990-களின் பிற்பகுதியில் பௌலிங் விளையாட்டு அரங்கம் வந்தது. அடுத்து பிக் பஜார் வந்தது. 2009-இல் பல்லேடியம் திறக்கப்பட்டது. தறிகள் ஓடிய வளாகம், மாநகரின் மேல்தட்டு மக்கள் கூடும் அங்காடியாயிற்று.

ஒரு விதி, ஒரு திருத்தம்

இந்த மாற்றத்துக்கு வழிவகுத்தது மகாராஷ்டிர அரசின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி எண் 58. ஆலை நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறும்போது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்கா போன்ற திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கும், மற்றொரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்பதே 1991-இல் வகுக்கப்பட்ட விதியின் சாரம்.

2001-இல் அது திருத்தப்பட்டது. மொத்த நிலத்தில் அல்லாமல், கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் பங்கு தந்தால் போதும் என்றாயிற்று. ஆலை நிலத்தின் பெரும்பகுதியைக் கொட்டகைகளே அடைத்திருந்தன. எனவே நகருக்கும் ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டிய பங்கு சுருங்கியது.

திருத்தத்தை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடர்ந்த பொதுநல வழக்கில், 2005 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த அமைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அதன் பின் கட்டுமானங்களுக்குத் தடை இருக்கவில்லை.

மத்திய அரசின் பங்கு

தனியார் ஆலைகளோடு முடிந்த கதையல்ல இது. மும்பையின் 13 ஆலைகளின் நிர்வாகத்தை 1983-இல் ஏற்ற மத்திய அரசு, 1995-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அவற்றை நாட்டுடைமையாக்கியது. தொழிலைக் காப்பதே நோக்கம் எனப்பட்டது. ஆனால், 2005-இல் தேசிய ஜவுளிக் கழகம் தன் மும்பை ஆலை நிலங்களை ஏலம் விட்டது. தாதரில் உள்ள கோகினூர் ஆலை நிலம் ரூ. 421 கோடிக்குப் போனது. வாங்கிய கூட்டமைப்பில், முன்னாள் மக்களவைத் தலைவர் மனோகர் ஜோஷியின் மகனும் ராஜ் தாக்கரேயும் பங்கு பெற்றிருந்தனர்.

நிலம் கை மாறியது. கோபுரக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் சாலைகளும் ரயில் நிலையங்களும் ஆலைக் காலத்து அளவிலேயே இருந்தன. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். சரியாக மூன்று மாதம் கழித்து, கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர் மாண்டனர்.

வீடு எங்கே?

வேலை இழந்தோர் கேட்பது இப்போது வீடு மட்டுமே. 2012-இல் நடந்த குலுக்கலில் ஒதுக்கப்பட்டவை 6,925 வீடுகள். விண்ணப்பித்தோரும் வாரிசுகளுமாகச் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். நகருக்கு வெளியே கர்ஜத் ரயில் தடத்தில் உள்ள ஷேலு, வாங்கனி ஆகிய இடங்களில் வீடு தரும் திட்டத்தை எதிர்த்து, 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் அவர்கள் திரண்டனர். மும்பையை உருவாக்கியவர்களுக்கு மும்பையில் இடமில்லையா என்பதே அவர்களது கேள்வி.

இக்கேள்வி கோவைக்கும் அந்நியமல்ல. தேசிய ஜவுளிக் கழகத்தின் கோவை ஆலைகளும் 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தின்போது நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் இயக்கக் கோரித் தொழிற்சங்கங்கள் போராடின.

பாழடைந்த ஆலையைப் பாழாகவே விட வேண்டும் என எவரும் கூறவில்லை. அங்காடிகளும் வேலை தருகின்றன, வரி செலுத்துகின்றன. ஆனால் 1991 விதி ஒரு கணக்கை எழுதி வைத்திருந்தது: நகருக்கு ஒரு பங்கு, எளியோருக்கு ஒரு பங்கு, உடையவருக்கு ஒரு பங்கு. மூன்றில் ஒன்று மட்டுமே முழுமையாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது.