கலைந்துபோன கர்ப்பத்திற்குப் பின்பு: மருத்துவரை நாடும் காலம் எது?



கர்ப்பம் கலைந்த வீட்டிற்கு முதல் சில நாட்கள் எல்லாரும் வருகிறார்கள். சபையார் வந்து ஜெபிக்கிறார்கள். அண்டை வீட்டார் கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஊரிலிருந்து தாயார் வந்து பத்து நாள் தங்கிப் போகிறார். அதன் பின்பு கணவனும் மனைவியும் தனித்து விடப்படுகிறார்கள். அப்பொழுதுதான் அந்தக் கேள்வி எழும்புகிறது. இன்னும் காத்திருப்பதா, உடனே மறுபடி முயல்வதா, அல்லது குழந்தைப்பேற்று மருத்துவரிடம் போய்விடுவதா?

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் கடினமான கேள்வி. ஏர்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே, கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் இருக்கிற ஊர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஐ.ஐ.டி.யும் ஐசர் கல்வி நிறுவனமும் இப்பொழுது அங்கே இருக்கின்றன. அவ்விடத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்த் தம்பதியை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் சொல்லப்படும் அறிவுரை தெலுங்கில் இருக்கும். ரயிலேறினால் ஒரு பக்கம் திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனை. அதே பாதையில் மேலும் சென்றால் காட்பாடியும் வேலூர் சி.எம்.சி.யும், மறு வழியில் சென்னை எழும்பூர். நடுவிலே சாலையோரமெங்கும் சிரிக்கும் குழந்தைகளின் படம் போட்ட கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள். எங்கே போவது என்பதற்கு முன்பாக, எப்பொழுது போவது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று கலைந்துபோகிறது. 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரைத் தொடர், உலகத்தில் ஆண்டுதோறும் 2 கோடியே 30 லட்சம் கர்ப்பங்கள் இவ்விதம் கலைகின்றன என்று மதிப்பிட்டது. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம்கள் எண்ணிக்கையில் கூடியோ குறைந்தோ அமைந்துவிட்டதனால் நேரிடுகிறவை. கரு உண்டாகும் வேளையிலேயே நேர்ந்துவிடுகிற பிழை அது. பேருந்தில் போனதாலோ, பப்பாளி ஒரு துண்டு உண்டதாலோ, மேலே இருந்த பாத்திரத்தை எட்டி எடுத்ததாலோ வருவதல்ல. ஆனாலும் நம் வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுவது பெண்ணின் நடமாட்டமே. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவளுடைய விசுவாசத்தை அளந்து பார்ப்பதும் உண்டு. அது ஆறுதல் அல்ல. காயத்தின் மேல் இன்னொரு காயம்.

ஆகையால் ஒரே ஒரு முறை, தொடக்க வாரங்களில் கலைந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அவள் கருத்தரிக்கக் கூடியவள் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தேவையானது ஓய்வு, சத்தான உணவு, ஃபோலிக் அமில மாத்திரை, இரத்தசோகை இருந்தால் அதற்கு மருந்து, சர்க்கரையும் தைராய்டும் சரியாக உள்ளனவா என்ற ஒரு பரிசோதனை. ஐ.வி.எஃப். என்கிற சோதனைக்குழாய் முறை கருத்தரிக்க உதவுமேயன்றி, கருச்சிதைவுக்கு மருந்தாகாது. இதை அறியாமல் முதல் இழப்பின் துக்கத்திலேயே நகையை அடகு வைத்து மையங்களுக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

ஆறு மாதம் பொறுத்திருங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் கூட்டம் 2005-இல் பரிந்துரைத்தது. பல மருத்துவர்கள் இன்றும் அதையே சொல்லுகிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான அறிக்கை, ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்கு அதனால் கேடு ஒன்றும் விளையவில்லை, அடுத்த கர்ப்பம் நன்றாகவே அமைந்தது என்று கண்டது. 2022-இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வும் அதையொட்டியே இருந்தது. எனவே இரத்தப்போக்கு நின்று, ஒரு மாதவிலக்கு வந்து, உடலும் மனமும் தேறியிருந்தால் முயலலாம். மாதவிலக்குக்காகக் காத்திருக்கச் சொல்வது, அடுத்த கர்ப்பத்தின் நாட்களைச் சரியாகக் கணக்கிடுவதற்கே. மாமியார் அவசரப்படுகிறார் என்பது முயல்வதற்குக் காரணமாகாது. பக்கத்து வீட்டுப் பெண் ஓராண்டு காத்திருந்தாள் என்பது காத்திருப்பதற்கும் காரணமாகாது.

இதற்கு விலக்கு உண்டு. முத்துப்பிள்ளை கர்ப்பமாக இருந்தது என்று சொல்லப்பட்டிருந்தால், இரத்தப் பரிசோதனைகள் முடிந்து மருத்துவர் அனுமதிக்கும் வரை கருத்தரிக்கவே கூடாது. கரு குழாயில் தங்கி, அதற்கு ஊசி மருந்து போடப்பட்டிருந்தாலும் மருத்துவர் குறிக்கும் இடைவெளியைக் காக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

இரண்டாம் முறையும் கலைந்ததென்றால் பரிசோதனைகளைத் தொடங்குங்கள். மூன்று முறை கலைந்த பின்புதான் ஆராய வேண்டும் என்பது பழைய வழக்கம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி இன்றும் மூன்றையே இலக்கணமாக வைத்திருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் இரண்டு போதும் என்கின்றன. லான்செட் தொடரும் இரண்டாவது இழப்பிலேயே அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்யச் சொல்லிற்று. மூன்றாவது இழப்பு வரட்டும் என்று ஒரு பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதத்தைக் கடந்து நாலாம், ஐந்தாம் மாதத்தில் கலைந்தால் ஒரு முறையே போதும், காரணத்தைத் தேட வேண்டும். கருப்பை வாய் பலவீனமாக இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் தையல் போட்டுக் காக்க வழி உண்டு. கருப்பையைச் சுத்தம் செய்த பின்பு எட்டு வாரமாகியும் மாதவிலக்கு வராவிட்டால், அல்லது மிகக் குறைவாக வந்தால், உள்ளே ஒட்டுதல் ஏற்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு காசநோய் கண்டவர்களும் தாமதிக்கலாகாது; நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு அந்நோய் ஒரு முக்கியக் காரணம்.

மறுபடி முயன்றும் கரு நிற்கவே இல்லை என்பது வேறு நிலை. பெண்ணுக்கு வயது 35-க்குக் கீழ் என்றால் ஓராண்டு. 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதம். 40-ஐ எட்டியிருந்தால் உடனே. வயதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வருத்தமாயிருக்கும். ஆயினும் நார்வே நாட்டின் பதிவுகளிலிருந்து 2019-இல் வெளியான கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்தைந்து முதல் இருபத்தொன்பது வயது வரை பத்தில் ஒரு கர்ப்பம் கலைந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பாதிக்கு மேல் கலைந்தது. ஊரில் வீடு கட்டி முடிக்கட்டும், தங்கையின் கலியாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற தம்பதிகள் இதையும் அந்தக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆந்திராவில் 2019 செப்டம்பரில், குண்டூரில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார் சோதனைக்குழாய் முறையில் இரட்டைப் பெண்குழந்தைகளைப் பெற்றது உலகமெங்கும் செய்தியாயிற்று. அதைக் காட்டி, காலம் கடந்தாலும் கவலையில்லை என்று சொல்லுவோர் இருக்கிறார்கள். 2021-இல் இயற்றப்பட்ட செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இன்று பெண்ணுக்கு 50 வயதுக்கு மேலும், ஆணுக்கு 55 வயதுக்கு மேலும் அந்தச் சிகிச்சை அளிக்க இடமில்லை.

என்ன பரிசோதிப்பார்கள்?

தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் வடிவத்தைக் காட்டும் ஸ்கேன், பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் என்னும் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் கணவன் மனைவி இருவருடைய குரோமோசோம் பரிசோதனை. எதிர்ப்பொருள் பரிசோதனையை பன்னிரண்டு வாரம் இடைவிட்டு இருமுறை செய்ய வேண்டும். ஒரே முறை பார்த்து முடிவு சொன்னால் கேள்வி கேளுங்கள். அந்தக் குறை உறுதியானால் ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் கொண்டு அடுத்த கர்ப்பத்தைக் காக்க முயல்கிறார்கள். பாதிப் பேருக்குக் காரணம் ஒன்றும் அகப்படுவதில்லை. அது கெட்ட செய்தி அல்ல. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்தடுத்த முயற்சியில் குழந்தையைப் பெறுகிறார்கள்.

மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடித்தவர்கள் நம் தென்னாட்டில் ஏராளம். குழந்தைகளுக்கு வரும் சில பரம்பரை நோய்கள் இவ்வித மணத்தினால் அதிகரிக்கின்றன. தொடக்க வாரக் கருச்சிதைவுக்கும் அதற்கும் அவ்வளவு உறுதியான தொடர்பு காணப்படவில்லை. ஆயினும் மருத்துவரிடம் உறவைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

கர்ப்பம் உறுதியானவுடன் எல்லாருக்கும் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 2019-இல் பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடந்த ஆய்வில், முன்பு கலைந்த அனுபவமும் இப்பொழுது இரத்தக்கசிவும் ஆகிய இரண்டும் உள்ளவர்களுக்கே அதனால் பயன் தெரிந்தது.

மருத்துவரை நாடினால் ஜெபத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று பொருளாகுமோ என்று தயங்குகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வேலூர் சி.எம்.சி., 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கியது. பிரசவத்தில் பெண்கள் மடிவதைக் கண்ட ஒரு மிஷனெரியின் மகள் அவர். அவருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

தனியார் மையத்துக்குச் செல்வதானால், 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் செகந்திராபாத்தில், வாடகைத்தாய் மூலம் பிறந்ததாகத் தம்பதியிடம் கொடுக்கப்பட்ட குழந்தை மரபணுச் சோதனையில் அவர்களுடையதல்ல என்று தெரியவந்து, காவல்துறை மையத்தின் மருத்துவரைக் கைது செய்தது. பணத்துக்கு வாடகைத்தாய் அமர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதே அநேகருக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் சகோதரிகள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பம் கலைந்தால் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை அது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கும் அந்த ஆறு வாரத்திற்குப் பணம் கிடைக்கும். மருத்துவமனைச் சான்றை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

அதோடு மற்றக் காகிதங்களையும் ஒரே உறையில் வையுங்கள்: ஸ்கேன் அறிக்கை, எத்தனையாவது வாரத்தில் கலைந்தது என்ற குறிப்பு, சுத்தம் செய்திருந்தால் திசுப் பரிசோதனை முடிவு, இரத்த வகை. உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையாயும் கணவருடையது பாசிட்டிவ் வகையாயும் இருந்தால், ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று அன்றே கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது அது. ஏர்பேட்டில் எழுதியதை வேலூரிலோ சென்னையிலோ வாசிக்கப்போகிற மருத்துவருக்கு இந்த உறை பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். கரு நிற்கவில்லை என்று போகிறவர்கள் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விந்துப் பரிசோதனை மிகக் குறைந்த செலவில், ஒரே நாளில் முடிந்துவிடும். நம் வீடுகளிலோ அது கடைசியாகத்தான் செய்யப்படுகிறது.