ஊர் திரும்பிய முதியோரும் சமூகப்பணிப் பயிற்சியும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். 2009க்குப் பின் ஊர் திரும்பியோரில் இத்தகையோரும் உண்டு. பிள்ளைகளோ தொழில், பள்ளிக்கூடம் என்று புத்தளத்திலேயே வேர்விட்டுவிட்டார்கள்.

இப்படித் தனித்திருக்கும் ஒருவரிடம் வரும் உத்தியோகத்தர், "வாப்பா, இஞ்ச தனியா என்ன செய்றீங்க? மகன்ட வீட்டுக்குப் போய் இருங்களேன்" என்று சொல்லக்கூடும். அன்பான பேச்சுதான். ஆனால் தொழில்முறைப் பயிற்சி பெற்றவர் அப்படித் தொடங்கமாட்டார். தம் வாழ்வைத் தாமே தீர்மானிப்பது முதியவரின் உரிமை என்பது சமூகப்பணியின் அரிச்சுவடி. "ஒருக்கா வெளிக்கிட்டது போதும், இனி ஏலாது" என்று அவர் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று கோப்பில் எழுதக் கூடாது. இங்கேயே இருக்க என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்: மருந்து, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள், இரவில் எட்டிப்பார்க்க அயல்வீடு. பிறகு பதிவு. பெயர் புத்தளத்திலும் ஆள் மன்னாரிலும் இருந்தால் உதவி எந்தப் பிரதேச செயலகத்தில் கிடைக்கும் என்பதை விசாரித்து முடிப்பதும் இந்த வேலைதான்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைப் பராமரிக்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம். நம் உம்மாமார் எத்தனை பேர் பெற்ற மகன்மீது மனுப் போடுவார்கள்? சட்டத்தை விளக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது. மகனோடு பேசுவதென்றாலும் தாயின் சம்மதம் முதலில் வேண்டும்.

இலங்கையில் இதற்கான முறையான கல்வி 1952இல் தொடங்கியது. இன்று சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் டிப்ளோமாவும் பட்டமும் வழங்குகிறது. வகுப்போடு மேற்பார்வையின் கீழான களப்பயிற்சியும் உண்டு. 2014இல் மெல்பேர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் சர்வதேச வரைவிலக்கணம், சுதேச அறிவையும் அத்தொழிலின் அடித்தளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மன்னாருக்கு இது வெறும் சொல்லல்ல. இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆண் உத்தியோகத்தர் எப்படிப் போவது? பள்ளி நிர்வாகத்திடம் ஸகாத் உதவி கேட்கையில் குடும்ப விடயத்தை எவ்வளவு சொல்வது? சின்ன ஊரில் காலையில் சொன்னது அஸருக்கு முன் எல்லா வீட்டுக்கும் போய்விடும். களப்பயிற்சிக்கு இங்கு வரும் மாணவருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.